முழங்கால் வலியுள்ள அப்பா அம்மாவோடு எகிப்து: கோலாலம்பூர், பினாங்கிலிருந்து திட்டமிடும் முறை

எகிப்துப் பயணத் திட்டம் என்று ஏஜெண்டு கொடுக்கும் தாளில் பெரும்பாலும் பிரமிடு முதலில் இருக்கும், தெற்குக் கோடியில் உள்ள பாறைக்கோயிலான அபு சிம்பல் கடைசியில் இருக்கும். மலேசியாவிலிருந்து போகிறவர்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொள்வது நல்லது. இறங்கியதும் தெற்கே அஸ்வான், அங்கிருந்து நைல் நதியில் லக்சர், கடைசியில் கெய்ரோ. காரணம் நம் உடம்பு. மலேசிய நேரம் எகிப்து நேரத்தைவிட 6 மணி நேரம் முந்தியது. ஏப்ரல் கடைசி முதல் அக்டோபர் கடைசி வரை அங்கே கோடை நேரம் நடப்பதால் 5 மணி நேரம். இங்கே காலை 8 மணி என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி 2 மணி. முதல் மூன்று நான்கு நாளைக்கு எவ்வளவு அசதியாக இருந்தாலும் 2, 3 மணிக்கெல்லாம் விழிப்பு வந்துவிடும், மாலை 7 மணிக்கே கண் சொக்கும்.

அஸ்வானிலிருந்து அபு சிம்பலுக்கு வண்டி கிளம்புவது அதிகாலை 4 மணிக்கு. உள்ளூர் நேரத்துக்குப் பழகிய உடம்புக்கு அது கொடுமை. நம் உடம்புக்கோ அது காலை 10 மணி. பயணத்தின் கடைசி வாரத்தில் அபு சிம்பலை வைத்தால் இந்த லாபம் போய்விடும். அதற்குள் உடம்பு அங்கத்திய இரவுக்குப் பழகியிருக்கும், வயதானவர்களை 3 மணிக்கு எழுப்பினால் அந்த நாள் முழுவதும் அவர்களுக்குத் தலைவலிதான். கெய்ரோவின் அருங்காட்சியகத்துக்கு விடியலில் எழத் தேவையில்லை. அது கடைசிக்குப் பொருந்தும்.

வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்ப 14 நாள் வைத்துக்கொள்ளுங்கள். 9 நாளில் முடித்துத் தருகிறோம் என்பார்கள். முடிக்கலாம், இளைஞர்களால். எழுபதை நெருங்கும் அப்பா அம்மாவோடு போனால் ஒவ்வொரு மூன்று நாளுக்கும் ஒரு பிற்பகல் சும்மா இருந்தாக வேண்டும்.

எந்த மாதம்

நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை சிறந்தது. லக்சரும் அஸ்வானும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 40 டிகிரியைத் தாண்டும். "நமக்கு வெயில் புதுசா?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலில் வியர்க்கும், மழை வந்து தணிக்கும். அங்கே வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும். தாகம் தெரியாமலே உடம்பில் நீர் வற்றும். தலைசுற்றல் வந்த பிறகுதான் புரியும். குளிர்காலத்தில் போனாலும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கணக்கு வைக்க வேண்டும். போத்தல் தண்ணீர் மட்டும். குழாய்த் தண்ணீரில் பல்லைக்கூடத் துலக்க வேண்டாம்.

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் டிசம்பர்தான் தோதான விடுமுறை. 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரியில் தொடங்குகிறது. ஆனால் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் ஐரோப்பியர்கள் மொத்தமாக வந்து இறங்குவதால் கப்பலும் விடுதியும் விலை ஏறும். கிறிஸ்துமஸுக்கு முன்பே திரும்பிவிடப் பாருங்கள். ரமலான் மாதத்தில் பார்வை நேரம் குறையும், பகலில் சாப்பாட்டுக் கடைகள் பல மூடியிருக்கும். பிப்ரவரி 22, அக்டோபர் 22 ஆகிய இரண்டு நாளும் சூரிய ஒளி அபு சிம்பல் கருவறை வரை நுழையும். அதைப் பார்க்கவே ஆயிரக்கணக்கில் ஆள் வரும். அந்தக் கூட்டத்தில் பெரியவர்களை நிறுத்த வேண்டாம்.

குளிருக்குத் துணி எடுக்காமல் போவதுதான் நம்மவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஜனவரி விடியலில் பாலைவனக் காற்று 10 டிகிரிக்குக் கீழே இறங்கும். கப்பல் மேல்தளத்தில் மாலையில் நிற்க முடியாது. கதகதப்பான மேலாடை ஒன்று, காதை மூடும் தொப்பி ஒன்று ஆளுக்கு வேண்டும்.

பாஸ்போர்ட்டும் பெயரும்

எகிப்தில் இறங்கும் நாளில் பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் மீதி இருக்க வேண்டும். புதுப்பிக்கப் பெரியவர்களுக்கு 200 ரிங்கிட், 60 வயதைக் கடந்தவர்களுக்கு 100 ரிங்கிட். விமானச்சீட்டு வாங்குவதற்கு முன்பே புதுப்பித்துவிடுங்கள். சீட்டு எடுத்த பின் எண் மாறினால் எல்லா முன்பதிவிலும் திருத்திக்கொண்டிருக்க வேண்டும்.

நுழைவு விதி அடிக்கடி மாறும். ஆகையால் சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கோலாலம்பூரில் உள்ள எகிப்துத் தூதரகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள்: மலேசியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டுமா, எத்தனை நாள் தங்கலாம். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. 14 நாள் திட்டத்துக்கு அதுதான் முக்கியம். குடும்பத்தில் ஒருவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் (தமிழ்நாட்டிலிருந்து வந்த மருமகளோ மாப்பிள்ளையோ) அவருக்கு விதி வேறு. அவருடைய விசாவுக்கு இரண்டு மாதம் தனியாக ஒதுக்குங்கள். அவர் மலேசியா திரும்பி நுழைவதற்கான பாஸ் காலாவதியாகாமல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

அடுத்தது பெயர். நம் பெயரில் வரும் ஏ/எல், ஏ/பி விமான நிறுவனங்களின் கணினிக்குப் புரியாது. சாய்கோட்டை அது ஏற்காது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்ற குழப்பமும் சேரும். பாஸ்போர்ட் படப் பக்கத்தின் அடியில், அம்புக்குறிகளோடு இரண்டு வரி அச்சாகியிருக்கும். இயந்திரம் படிப்பது அதைத்தான், அதில் சாய்கோடு இருக்காது. அந்த வரியில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். கோலாலம்பூர்–கெய்ரோ சீட்டு, கெய்ரோ–அஸ்வான் சீட்டு, கப்பல், காப்புறுதி எல்லாவற்றிலும் ஒரே எழுத்து, ஒரே வரிசை. ஒன்றில் அப்பா பெயர் முதலிலும் மற்றொன்றில் பிள்ளை பெயர் முதலிலும் இருந்தால் பெட்டி போடும் இடத்தில் நிறுத்திவைப்பார்கள்.

விமானம்

முதலில் கப்பல், பிறகு விமானம். இந்த வரிசை மாறக் கூடாது. அஸ்வானிலிருந்து லக்சருக்கு வரும் கப்பல்கள் 3 இரவு ஓடும். எதிர்த்திசையில் 4 இரவு. ஒவ்வொரு கப்பலுக்கும் வாரத்தில் கிளம்பும் நாள் நிலையானது. மலிவு விலைக்கு ஆசைப்பட்டு விமானச்சீட்டை முதலில் வாங்கிவிட்டால் கப்பலுக்காக இரண்டு நாள் அஸ்வானில் காத்திருக்க நேரும், அல்லது அபு சிம்பலை விட்டுவிட நேரும்.

தோஹா, துபாய், இஸ்தான்புல் போன்ற ஊர்களில் மாறிப் போகலாம். கோலாலம்பூரிலிருந்து தோஹாவுக்கு ஏறத்தாழ 8 மணி நேரம், அங்கிருந்து கெய்ரோ மூன்றரை மணி. இஸ்தான்புல் வழி என்றால் முதல் பறப்பே 11 மணியை நெருங்கும். கால் வீங்குகிறவர்களுக்குப் பறப்பு நடுவில் இரண்டாகப் பிரிவது நல்லது. வளைகுடா வழி பார்க்கவும். மாறும் இடத்தில் இரண்டு மணிக்குக் குறைவாக வைக்காதீர்கள். மெதுவாக நடக்கும் அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியைச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுவையுங்கள். விமானத்தில் ஏறும் அன்று கேட்டால் காத்திருக்க வேண்டிவரும். நாற்காலி தள்ளுபவர் தனி வரிசையில் கூட்டிப்போவதால் நேரமும் மிச்சமாகும்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பினாங்கு–கோலாலம்பூர் சீட்டைத் தனியாக மலிவில் வாங்கினால் அது இரண்டாம் முனையத்தில் இறக்கிவிடலாம், கெய்ரோ போகும் விமானமோ முதல் முனையத்தில் நிற்கும். பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலில் மாறி மறுபடியும் பெட்டி போட வேண்டும். ரயில் பயணம் சில நிமிடந்தான், ஆனால் பெட்டி வருவதற்குக் காத்திருப்பது யார் கையிலும் இல்லை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் தனிச் சீட்டு வாங்கியவருக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பினாங்கிலிருந்து கெய்ரோ வரை ஒரே சீட்டாக எடுங்கள். அது விலை அதிகம் என்றால் பட்டர்வொர்த்தில் மின்சார ரயில் ஏறிக் கே.எல். சென்ட்ரல் வந்து, அங்கிருந்து 28 நிமிடத்தில் முதல் முனையம் போய்விடலாம். முந்தின நாளே வந்து சொந்தக்காரர் வீட்டில் தூங்கிவிட்டுக் கிளம்புவது இன்னும் நிம்மதி.

பவர்பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பல விமானங்களில் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் கூடாது. டிரோன் எடுத்துப் போகவே வேண்டாம், எகிப்தில் தடை. நம் மூன்று முள் பிளக் அங்கே செருகாது. இரண்டு உருண்டை முள் உள்ள மாற்றி இரண்டு போதும்.

மருந்து

சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் நேர மாற்றத்தைச் சொல்லி அட்டவணை எழுதி வாங்க வேண்டும். மேற்கே போகும் நாள் 30 மணி நேரம் நீளும், திரும்பி வரும் நாள் 18 மணி நேரமாகச் சுருங்கும். போகும்போது போட்ட அளவையே வரும்போதும் கடிகாரம் பார்த்துப் போட்டால் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு. இன்சுலின் கைப்பையில். சரக்கு அறையில் போகும் பெட்டியில் அது உறையலாம், உறைந்த இன்சுலின் உதவாது.

அரசாங்க கிளினிக்கில் மருந்து வாங்குகிறவர்கள் மறுமுறை வாங்கும் தேதி பயண நாளில் விழுகிறதா பாருங்கள். விழுந்தால் விமானச்சீட்டைக் காட்டி முன்கூட்டியே கேட்க வேண்டும். 14 நாளுக்கு 18 நாள் மருந்து, இரண்டு பையில் பிரித்து. டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகள் எகிப்தில் கடுமையான கட்டுப்பாட்டில் உள்ளவை. மூட்டு வலிக்கு டிராமடால் எடுக்கும் பெரியவர்கள் நம்மிடையே நிறைய. அதற்கு மாற்று மருந்து உண்டா என்று டாக்டரைக் கேளுங்கள். மருத்துவர் கடிதம் ஆங்கிலத்தில், மருந்தின் பொதுப்பெயரோடு இருக்க வேண்டும்.

இன்னொன்று யாரும் சொல்வதில்லை. ஜி6பிடி குறைபாடு (இரத்தச் சிவப்பணுவில் ஒரு நொதி குறைவாக இருப்பது) உள்ள பிள்ளையோ பெரியவரோ குடும்பத்தில் இருந்தால் எகிப்தில் சாப்பாடே எச்சரிக்கையான விஷயம். மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தச் சோதனை செய்வதால் பலருக்கு இருப்பது தெரிந்திருக்கும். அங்கே காலையில் எங்கும் கிடைக்கும் ஃபூல் என்பது ஃபாவா மொச்சையை வேகவைத்துக் கடைந்தது. தாமியா என்ற வடை போன்ற பண்டமும் அதே மொச்சையில் ஆனது (மற்ற அரபு நாடுகளில் அது கொண்டைக்கடலையில் செய்வது). அந்த மொச்சை இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரத்த அணுக்களைச் சிதைக்கும். ஒரு வாய்கூட வேண்டாம்.

பணம்

ரிங்கிட்டை அங்கே மாற்ற எண்ண வேண்டாம். மஸ்ஜித் இந்தியா சாலையிலோ பினாங்கு லிட்டில் இந்தியாவிலோ பணம் மாற்றும் கடையில் அமெரிக்க டாலர் வாங்குங்கள். கிழிசல், மை, முத்திரை எதுவும் இல்லாத நோட்டு என்று கேட்டு, கடையிலேயே ஒவ்வொன்றையும் புரட்டிப் பாருங்கள். அழுக்கு நோட்டை அங்கே மறுப்பார்கள்.

கோயில்கள், கல்லறைகள், அருங்காட்சியகங்கள் ஆகியவற்றின் நுழைவுச்சீட்டுக்குப் பெரும்பாலான இடங்களில் அட்டை மட்டுமே. இரண்டு வெவ்வேறு வங்கியின் அட்டை எடுத்துக்கொண்டு, வெளிநாட்டுப் பயன்பாட்டை இங்கேயே திறந்துவைக்க வேண்டும். பல மலேசிய வங்கி அட்டைகளில் அது மூடியபடி இருக்கும். சீட்டுக் கூண்டின் முன் நின்றுகொண்டு கோலாலம்பூர் வங்கிக்கு அழைப்பது பெரும் அவஸ்தை. பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைக்கு அனைத்துலக மாணவர் அட்டை எடுத்துவிடுங்கள், நுழைவுச்சீட்டு பாதி விலை.

கையில் சில்லறை பவுண்டு எப்போதும் இருக்க வேண்டும். கழிப்பறை வாசலில், பெட்டி தூக்குபவருக்கு, படகுக்காரருக்கு எல்லாம் சிறு இனாம், அதாவது பக்‌ஷீஷ் வழக்கம். விடுதியிலும் கடையிலும் பெரிய நோட்டை உடைத்து 10, 20 பவுண்டாக ஒரு தனிப் பர்ஸில் போட்டு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். கல்லறைக்குள் காவலர் "இங்கே வா" என்று கயிற்றைத் தூக்கி உள்ளே அழைப்பார். போகாதீர்கள். அந்தச் சுவர் ஓவியத்துக்குத் தடுப்பு போட்டதற்குக் காரணம் இருக்கிறது.

ஏஜெண்டு வழியாகப் போனால் சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணைக் கேட்டு அமைச்சின் தளத்தில் சரிபாருங்கள். அடுத்து, தொகுப்பில் எதெல்லாம் சேராது என்று எழுத்தில் வாங்குங்கள். வழக்கமாக விடுபடுவன: பிரமிடின் உட்புறம், துட்டன்காமுன் கல்லறை, அபு சிம்பல் பயணம், கப்பல் ஊழியர் டிப்ஸ். இந்த நான்கையும் கூட்டினால் மலிவுத் தொகுப்பு மலிவாக இருக்காது.

அஸ்வான், அபு சிம்பல், நதி

கெய்ரோவில் இறங்கிய இரவு விமான நிலையம் அருகே தூங்கிவிட்டு, மறுநாள் காலை அஸ்வானுக்குப் பறக்கவும். பிற்பகலில் ஃபிலே. ஐசிஸ் தெய்வத்தின் இந்தக் கோயில் அணை நீரில் மூழ்கிக் கிடந்தது. கல் கல்லாகப் பிரித்து அகில்கியா என்ற பக்கத்துத் தீவில் 1980-க்குள் மறுபடி கட்டினார்கள். படகில்தான் போக வேண்டும். ஆடும் படகில் கால் வைப்பது அப்பாவுக்குச் சிரமம் என்றால் படகுக்காரரிடம் முதலிலேயே சொல்லிக் கரையோடு ஒட்டி நிறுத்தச் சொல்லுங்கள். போக, காத்திருக்க, வர மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை பேசிவிட்டு ஏறுங்கள்.

அபு சிம்பல் தெற்கே ஏறத்தாழ 280 கிலோமீட்டர். மூன்றரை மணி நேரப் பாலைவனச் சாலை, நடுவில் கழிப்பறை அரிது. விடுதியில் காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். இரண்டாம் ராம்சேஸ் அரசனின் நான்கு உருவங்கள், ஒவ்வொன்றும் 20 மீட்டர். குன்றில் குடைந்த இந்தக் கோயிலையே 1964-க்கும் 1968-க்கும் இடையில் அறுத்தெடுத்து 65 மீட்டர் மேலே ஏற்றி வைத்தார்கள். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து குன்றைச் சுற்றி இறங்கி நடக்க வேண்டும், திரும்பும்போது ஏற்றம். கைத்தடி இருந்தால் இங்கே எடுத்துவாருங்கள். முன்னால் இருக்கும் ஏரியைப் பார்த்தபடி உட்கார இடம் உண்டு. பெரியவர்களை அங்கே பத்து நிமிடம் உட்காரவைத்த பிறகு உள்ளே கூட்டிப்போங்கள்.

கப்பலில் ஜன்னல் வழியே நதியைப் பார்த்தபடி படுத்திருக்கலாம் என்று நம்பி அதிகப் பணம் கொடுக்க வேண்டாம். கரையில் கப்பல்கள் ஒன்றை ஒன்று ஒட்டி நான்கு ஐந்து வரிசையாகக் கட்டப்படும். உங்கள் ஜன்னலைத் திறந்தால் அடுத்த கப்பலின் ஜன்னல். கரைக்குப் போக மற்ற கப்பல்களின் வரவேற்பறை வழியாகவே நடந்து போக வேண்டும், தளங்களுக்கு நடுவே படி ஏறி இறங்க வேண்டும். ஓடும்போது மேல்தளத்தில் உட்கார்ந்தால் போதும். மின்தூக்கி உள்ள கப்பலா என்பதையே கேளுங்கள், பலவற்றில் இருக்காது.

நடு வழியில் உள்ள எட்ஃபு ஊரில் எல்லாக் கப்பலும் ஒரே நேரத்தில் சேர்வதால் ஹோரஸ் கோயிலில் காலை நெரிசல் அதிகம். கிமு 237-இல் தொடங்கி 180 ஆண்டு கட்டிய கோயில், எகிப்தில் இவ்வளவு முழுமையாக நிற்பது வேறு அரிது. குதிரை வண்டியில் கூட்டிப்போவார்கள். ஏறும் படி உயரம். முழங்கால் முடியாதவர்களுக்கு டாக்ஸி சொல்லிவையுங்கள்.

லக்சர்

இங்கே இரண்டு முழு நாள் கொடுங்கள். கிழக்குக் கரையில் கர்னாக்கும் லக்சர் கோயிலும். இரண்டும் சமதரை, சக்கர நாற்காலி போகும். கர்னாக்கின் தூண் மண்டபத்தில் 134 தூண்கள். நடுவில் உள்ள 12 தூண்கள் 21 மீட்டர். நம் ஆயிரங்கால் மண்டபங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கும் அந்தத் தடிமன் ஒரு கணம் பிடிபடாது. தூணின் மேல்பகுதியில், வெயில் படாத உட்புறத்தில், பழைய நீலமும் சிவப்பும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அண்ணாந்து பாருங்கள். காலை 7 மணிக்குள் போனால் மண்டபம் ஏறத்தாழ உங்களுடையதே. லக்சர் கோயிலுக்கு இருட்டிய பிறகு போகலாம், விளக்கு போட்டிருப்பார்கள்.

மேற்குக் கரையின் அரசர் பள்ளத்தாக்கில் 60-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உண்டு. பொதுச்சீட்டு மூன்றுக்கு மட்டும். துட்டன்காமுன், முதலாம் சேட்டி, ஐந்தாம்-ஆறாம் ராம்சேஸ் ஆகியவற்றுக்குத் தனிச்சீட்டு. எது திறந்திருக்கும் என்பது மாறும் என்பதால் மூன்றை அல்ல, ஐந்தைக் குறித்துக்கொண்டு போங்கள். தேர்ந்தெடுக்கும்போது முழங்காலைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கவும். நான்காம் ராம்சேஸின் கல்லறை வாசலுக்குப் பக்கத்திலேயே, அகலமான சரிவுப் பாதை, கூரையில் நூத் தேவியின் ஓவியம். இயலாதவர்களுக்கு இதுதான் முதல். மூன்றாம், ஒன்பதாம் ராம்சேஸ் கல்லறைகளும் பரவாயில்லை. மெர்னெப்டாவினுடையது செங்குத்தாக இறங்கும். மூன்றாம் துட்மோஸினுடையதற்குப் பாறை மேல் இரும்புப் படியேறிப் பிறகு உள்ளே இறங்க வேண்டும், இளையவர்கள் மட்டும். துட்டன்காமுனுக்கு 16 படி, சின்ன அறை. 1922 நவம்பர் 4-இல் முதல் படி தென்பட்ட இடம் அது. அரசனின் உடல் இன்னும் அங்கேதான் இருக்கிறது, பொருள்கள் எல்லாம் கெய்ரோவில். உள்ளே ஃபிளாஷ் போடாதீர்கள், சுவரைத் தொடாதீர்கள். நூற்றுக்கணக்கானோர் மூச்சின் ஈரமே அந்தச் சாயத்துக்குப் பகை.

ஹாட்செப்சுட் அரசியின் கோயிலில் இரண்டாம் தளத்தின் இடப்பக்கச் சுவரைத் தேடிப் போங்கள். புந்து நாட்டுக்குக் கப்பல் அனுப்பிச் சாம்பிராணி மரங்களை வேரோடு கூடையில் தூக்கிவந்த காட்சி செதுக்கியிருக்கும். செங்கடல் வணிகம் அவ்வளவு பழையது. அதே கடலில் பிற்காலத்தில் நம்மவர்களும் வந்திருக்கிறார்கள். லக்சருக்குக் கிழக்கே, குசெய்ர் அல்-கதீம் என்ற பழைய துறைமுகத்தில், தமிழ் பிராமியில் "பானை ஒறி" என்று கீறிய பானை ஓடு கிடைத்தது. உறியில் தொங்கவிட்ட பானை, கிமு முதல் நூற்றாண்டு. சாதன், கணன் என்ற பெயர்களும் அங்கே ஓட்டில் கிடைத்துள்ளன. இன்னும் தெற்கே பெரனிகே துறைமுகத்தில் ஒரு கோயிலில் இந்தியச் சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. சரக்கு அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் கடந்து, லக்சருக்கு 40 கிலோமீட்டர் வடக்கே உள்ள கிஃப்ட் ஊரில் நைலுக்கு வந்து சேரும். பிள்ளைகளுக்கு இதை அங்கே வைத்துச் சொல்லுங்கள், நதிக்கரையில் நின்றபடி.

கீஸா, கெய்ரோ

பிரமிடுகளுக்கு இப்போது ஃபயூம் சாலைப் பக்கமுள்ள புதிய வாசல். உள்ளே மின்சாரப் பேருந்து நிறுத்தம் நிறுத்தமாகப் போகும், பெரியவர்களுக்கு இது பெரிய வரம். பழைய வாசல் என்று யாராவது வழிமறித்துச் சொன்னால் கேட்காதீர்கள். ஒட்டகத்தில் ஏறுவதென்றால் ஏறவும் இறங்கவும் சேர்த்து என்ன விலை, ஆளுக்கா ஒட்டகத்துக்கா என்று பேசிவிட்டு ஏறவும். இறங்குவதற்குத் தனிக் காசு கேட்பது பழைய தந்திரம்.

இங்குள்ளவற்றில் மிகப் பெரியதான குஃபு பிரமிடின் உள்ளே போகலாமா? முடிவெடுக்க அளவுகள் இதோ. ஏறு பாதை 39 மீட்டர் நீளம், 26 டிகிரி சாய்வு, உயரம் 1.2 மீட்டர்தான். அதாவது மார்பளவு. குனிந்தபடியே, குறுக்குச் சட்டம் அடித்த மரப்பலகையில் கால் மாற்றி மாற்றி ஏற வேண்டும். எதிரே இறங்கி வருபவரும் அதே இடத்தில் உங்களை உரசிக்கொண்டு வருவார். காற்று ஓடாது, புழுக்கம் நம் ஊர் சமையலறை மாதிரி. பிறகு சட்டென்று பெரிய கூடம் திறக்கும். 8 மீட்டருக்கு மேல் உயரம், இரு பக்கமும் கல் ஒவ்வொரு வரிசையாக உள்நோக்கி நெருங்கி வரும். நிமிரும்போது முதுகு தரும் நன்றி தனி. அங்கிருந்து இன்னும் 46 மீட்டர் ஏற்றம். கடைசியில் அரசன் அறை: அஸ்வானிலிருந்து 800 கிலோமீட்டர் நதியில் வந்த சிவப்புக் கருங்கல், மூலை உடைந்த ஒரு வெறும் கல்தொட்டி, அவ்வளவுதான். ஓவியம் இல்லை, எழுத்து இல்லை. அந்தக் கல்லின் பொருத்தத்தைப் பார்க்க ஆசை உள்ளவர்கள் போங்கள். இதய நோய், மூச்சுத் திணறல், முழங்கால் பிரச்சினை உள்ளவர்கள் போகக் கூடாது. பாதி வழியில் திரும்பினால் பின்னால் வரும் அத்தனை பேரும் பின்வாங்க வேண்டும்.

2025 நவம்பரில் முழுமையாகத் திறந்த பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்கு நாளும் நேரமும் குறித்து இணையத்திலேயே சீட்டு வாங்கிவிடுங்கள். பிரமிடும் இதுவும் ஒரே நாளில் வேண்டாம். துட்டன்காமுனின் 5,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன. அதற்கே மூன்று மணி நேரம். மின்படியும் மின்தூக்கியும் உண்டு. அரசர்களின் உடல்கள் இங்கே இல்லை. அவற்றை 2021 ஏப்ரலில் ஃபுஸ்தாத்தில் உள்ள நாகரிக அருங்காட்சியகத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதைத் தேடி இங்கே அலைய வேண்டாம்.

சைவச் சாப்பாடு

"வெஜிடேரியன்" என்றால் கோழிச்சாறு ஊற்றிய சூப் வரலாம். "சியாமி" என்று சொல்லுங்கள். அங்குள்ள காப்டிக் கிறிஸ்தவர்கள் விரத நாளில் சாப்பிடும் உணவுக்கு அந்தப் பெயர்: இறைச்சி, முட்டை, பால், நெய் எதுவும் இருக்காது. சமையல்காரருக்கு உடனே புரியும். கொஷாரி எங்கும் கிடைக்கும். சோறு, பருப்பு, மக்கரோனி, கொண்டைக்கடலை, மேலே பொரித்த வெங்காயம், தக்காளிச் சாறு, தனியாகக் காரம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் "லஹ்மா" என்ற சொல்லைப் பார்த்தால் விசாரிக்கவும். பெரும்பாலும் அது மாடு. பச்சைக் காய்கறிச் சாலட்டைக் கப்பலிலும் தொடாதீர்கள். வயிறு கெடுவது பெரும்பாலும் அதைக் கழுவிய தண்ணீரால்தான். வாய்வழி உப்புக்கரைசல் பொட்டலம் ஆளுக்கு ஆறு எடுத்துப் போங்கள். சம்பல் போத்தலும் ஊறுகாயும் பெட்டியில் போகட்டும். கைப்பையில் வைத்தால் 100 மில்லிக்கு மேற்பட்டதைப் பிடுங்கிவிடுவார்கள்.

கடைசி நாளைக் காலியாக விடுங்கள். தெற்கிலிருந்து வரும் உள்நாட்டு விமானம் மணற்காற்றால் தாமதமானால் அந்த நாள்தான் காப்பாற்றும். தாமதம் இல்லையென்றால் காலையில் சக்காராவுக்குப் போய்வரலாம். ஜோசரின் படிப் பிரமிடு குஃபுவினுடையதைவிடப் பழையது, கூட்டமும் குறைவு. மிச்சமுள்ள எகிப்தியப் பவுண்டை விமான நிலையம் போவதற்கு முன்பே செலவழித்துவிடுங்கள், மலேசியாவில் அதை வாங்குவோர் கிடைப்பது கடினம். மாத்திரைப் பெட்டியையும் திரும்பும் நாளின் ஊசி அட்டவணையையும் கைப்பையின் மேல் அறையில் வையுங்கள்.